ஆறாவது குண்டு

அந்த அக்கா எந்தத் தராசையும் நம்பமாட்டார். என் தராசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மலையாளம் பேசும் ஊர் ஒன்றில், ஆரியசாலைக் கடைத்தெருவில் பித்தளை, செம்பு, ஈயம் என்று மூன்று தலைமுறையாக உலோகம் விற்கும் கடை எங்களுடையது. தராசுக்கு வருடந்தோறும் சர்க்கார் முத்திரை உண்டு. தினமும் காலையில் என் கையால் ஒரு சந்தனப் பொட்டும் உண்டு. முதல் முறையாகக் கடைக்குள் கால் வைத்த ஒரு பெண்மணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நேராக் காட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

"போன மாசந்தான் சீல் வெச்சுட்டுப் போனாங்க" என்றேன்.

"வெச்சவங்க நிறுத்துப் பாத்தாங்களா?"

அவருக்கு வேண்டியது இரண்டு கிலோ காரீயம். நகத்தால் கீறிப் பார்த்தார். கோடு விழுந்தது. "நல்ல எளசு" என்று தலையாட்டினார். நான் நிறுத்துக் கொடுத்ததும் கைப்பையைத் திறந்து, செல்போன் அளவில் ஒரு குட்டித் தராசை எடுத்தார். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அது. முதலில் அதன்மேல் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தார். ஆறு கிராம் காட்டியது. "இது சர்க்கார் அடிச்சது, கரெக்டா ஆறு கிராம். இத வெச்சுப் பாத்தப்புறந்தான் என் தராசயே நான் நம்புவேன், கேட்டோ" என்றார்.

அந்தக் குட்டித் தராசு அரைக் கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் என் ஈயத்தை ஐந்து துண்டாக வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரு பழைய சிமெண்ட் சாக்குத் தாளில் எழுதிக் கூட்டினார். கடையில் நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் எடையும் அவர் எடையும் கிராம் பிசகாமல் ஒத்துப்போயின. அவர் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் தெரிந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாகர்கோவிலில் இருக்கிறேன். காய்கறிக் கடையில், மீன் சந்தையில், எங்கே தராசைப் பார்த்தாலும் அவர் நினைவு வந்து சிரித்துவிடுகிறேன். கடைக்காரர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மலையடிவாரத்தில் அறுபது சென்ட் நிலம், அதில் மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் வாழையும். பஸ் பிடித்து ஊருக்குள் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று பிற்பாடு ஆகிவிட்டது. என் மனைவிக்கு அவரை ஒரே நாளில் பிடித்துப்போனது. என்னை எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லாரையும் அவளுக்குப் பிடிக்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை கோயிலுக்குப் போனார்கள். அக்கா துலாபாரம் வேண்டியிருந்தார். ஒரு தட்டில் அவர் உட்கார, மறுதட்டில் வாழைப்பழம். தட்டு சமமானதும் போதும் என்று கோயில்காரர் கை காட்டினார். அக்கா இறங்கவில்லை. தன் பக்கத்துச் சங்கிலி கொக்கியில் சிக்கியிருக்கிறது, அதனால் சாமிக்குப் பழம் குறைகிறது என்று சண்டை. கோயில்காரர் வந்து பார்த்தார். ஒரு கண்ணி உண்மையாகவே மாட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டதும் அக்கா இருந்த தட்டு சரேலென்று கீழே போனது. மேலும் இரண்டு சீப்பு வைத்துத்தான் சமமாயிற்று. "சாமிகிட்டயே கழிவு பிடிக்கிறாங்க பாத்தீங்களா" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாராம். தன் எடையைக் கூட்டிக் காட்டுவதற்காக இப்படி மல்லுக்கட்டிய ஒரு பெண்ணை அன்றுதான் பார்த்தேன் என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியிலும் இதே கூத்துதான். எடை பார்க்கும் மிஷின்மேல் முதலில் வெறுமனே ஏறினார், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையோடு ஏறினார். கூடியது நாலே கால். நர்ஸ் சிரித்துச் சிரித்து, கடைசியில் மிஷினை மாற்ற எழுதிப்போட்டுவிட்டாள்.

ஈயத்துக்கு வருகிறேன். அந்த முதல் நாளே கேட்டேன், "ரெண்டு கிலோ ஈயம் எதுக்கு அக்கா?" என்று.

"குண்டு ஊத்த."

காத்திருந்த நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அலட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போலீஸ் ஸ்டேஷன் முத்திரையோடு இருந்தது. அவர் வீட்டுக்காரரிடம் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் உள்ள ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற ரகம். வீட்டுக்காரர் இறந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. லைசென்ஸை மனைவி பெயருக்கு மாற்ற வேண்டுமானால், அதே துப்பாக்கியை நிறைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும். ஐந்து வெடி. குறைந்தது மூன்று பலகையில் படவேண்டும். தவறினால் துப்பாக்கி திரும்பி வராது.

"பன்னி ஒரு அந்தி இறங்கினா அறுபது சென்டும் காலி அண்ணாச்சி. பெரும்பாலும் சத்தத்துக்கே ஓடிரும். துப்பாக்கி இல்லேன்னா கிழங்கு இல்ல. கிழங்கு இல்லேன்னா நான் நிலத்த வித்துட்டு மக வீட்டுல போயி ஒக்காரணும். மருமகன் நல்லவந்தான். ஆனா அங்க எனக்கு என்ன வேல? டிவி பாக்கவா?"

"சுட்டுப் பழக்கம் உண்டா?"

"இருபது வருஷமா மருந்தும் குண்டும் நெறச்சுக் குடுத்தது நான். சுட்டது அவரு" என்றார். ஈயத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டே, "அவருக்குக் கண்ணு சரியில்லாத வருஷங்கள்ல யாரு சுட்டாங்கன்னு கேக்காதீங்க" என்றார்.

நான் வியாபாரி. எல்லாரும் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொண்டால் ஆரியசாலை என்னத்துக்கு இருக்கிறது? நகரத்தில் துப்பாக்கிக் கடை இருக்கிறது, குண்டு டப்பாவில் கிடைக்கிறது, மிஷினில் அழுத்திச் செய்தது, எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பரீட்சைக்குப் போய் யாராவது அடுப்படிக் குண்டை எடுத்துப் போவார்களா என்று ஒரு மூச்சு பேசினேன். அவர் மறுக்கவில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டி ஒரு டப்பா வாங்கி வந்து, என் மேஜைமேல் கொட்டி, குட்டித் தராசில் இருபதையும் நிறுத்தார். எல்லாம் பதினொன்றே கால் கிராம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஆரோ நேர்மையாச் செஞ்சிருக்கான்" என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். உடனே அவர் பையிலிருந்து பாக்குவெட்டி போன்ற ஓர் இரும்பு அச்சை எடுத்தார். அந்தத் துப்பாக்கியோடு கூடவே வந்த அச்சாம். அதன் குழிக்குள் கடைக் குண்டைப் போட்டு மூடி, என் காதருகே ஆட்டினார். கடகடவென்றது.

"சைசு போதாது. பழைய குழலு, தேஞ்சு போனது. இந்தக் குண்ட உள்ள விட்டா லூசா நிக்கும். மருந்து மேல ஒக்காரணும் அண்ணாச்சி. ஒக்காராம முன்னால உருண்டு வந்துச்சுன்னா, சுடும்போது குழலே தெறிச்சுரும். சுடுறவ மூஞ்சியில."

அதோடு விவாதம் முடிந்தது. டப்பாவைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அது என் மேஜையிலேயே கிடந்தது.

எங்கள் கடைக்கும் பின்னாலிருக்கும் வீட்டுக்கும் நடுவே திறந்த முற்றம் ஒன்று உண்டு. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் குண்டு வார்த்தோம். வார்த்தோம் என்பது சும்மா. அவர் வார்த்தார், நான் குறுக்கே நின்றேன். புகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். தேநீரை முற்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவ வேண்டும். கழுவிய கையை முகர்ந்து பார்ப்பார். என் அம்மாகூட அப்படிச் செய்ததில்லை.

முதல் ஞாயிறு வார்த்த பன்னிரண்டு குண்டும் பன்னிரண்டு விதமான எடை. ஒன்று சுருக்கம் விழுந்து கிடந்தது, அச்சு சூடேறாததால். பார்க்க வழவழவென்று அழகாக இருந்த இன்னொன்று முக்கால் கிராம் குறைந்தது.

"பாத்தீங்களா? கடையில வாங்கினா இந்தத் தொல்லை உண்டா?" என்றேன்.

"தராசுகிட்ட குண்டு ஒளிக்க முடியாது அண்ணாச்சி. உள்ள காத்து அடைச்சிருக்கு. வெளிய பாத்தா தெரியாது, நிறுத்தா தெரியும்" என்று சொல்லி, பன்னிரண்டையும் திரும்பச் சட்டியிலேயே போட்டார். அத்தனை நேர வேலை மறுபடி குழம்பாகிவிட்டது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாம் ஞாயிறு நானும் ஏதாவது உதவ வேண்டும் என்று, அச்சில் கரி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். அக்கா கரண்டியில் ஈயத்தை எடுத்துக்கொண்டு வந்தவர், அச்சைப் பார்த்துவிட்டு, ஆரியசாலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார். ஈரத்தில் ஈயம் விழுந்தால் ஆவி வெடித்துச் சிதறும் என்று பாட்டனார் காலத்திலிருந்து ஈயம் விற்கிற எனக்குத் தெரியாது. "விக்கத் தெரிஞ்சா மதி, அது போதும், தொடாதீங்க" என்று என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்துவிட்டார். என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அச்சு சூடேறக் காத்திருந்த ஒரு நேரத்தில்தான், ஏன் அக்கா இப்படி எல்லாத்தையும் நிறுக்கிறீங்க என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர் அவர். சாயந்தரம் எடைக் கொட்டகையில் கூடையைத் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை கழிவு பிடிப்பார். கூடைக்கு இரண்டு கிலோ. மழை நாளென்றால் தண்ணீருக்கு இன்னும் இரண்டு. அக்கா ஒரு நாள் வெறும் கூடையை வீட்டுக்குக் கொண்டுபோய், ரேஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஒரு கிலோ நூறு கிராம். மறுநாள் வரிசையில் நின்று அதைச் சொன்னார். கணக்கப்பிள்ளை சிரித்தாராம். அடுத்த ஒரு வாரம் அக்காவுக்குச் செங்குத்தான சரிவில் வேலை.

"கோபம் எல்லாம் இல்ல" என்றார் கரண்டியால் சட்டியைக் கிளறிக்கொண்டே. "ஆனா ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் கிராம்னா இருபத்தாறு வருஷத்துக்கு எவ்வளவு? நான் கிள்ளினது, எங்கேயோ யாரோ குடிச்சிருப்பாங்க. நல்லாத்தான் இருந்திருக்கும்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சந்தனப் பொட்டுத் தராசை இவர் முறைத்துப் பார்த்தபோது நான் கோபப்பட்டது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு முடிவில், அறுபத்துச் சொச்சம் குண்டில் ஐந்து தேறின. ஐந்தும் பன்னிரண்டே முக்கால் கிராம். இரண்டு தடவை நிறுத்துப் பார்த்து, என் மேஜைமேல் வரிசையாக வைத்தார். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அண்ணாச்சி, பொதிஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் கொசுறு வைக்காமல் எந்தப் பொட்டலமும் கட்டியதில்லை. ஆணி கேட்டால் எடைக்கு மேல் இரண்டு ஆணி. கம்பி கேட்டால் மேலே ஒரு சாண். அப்பா அப்படி, தாத்தா அப்படி. அது யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது. ஐந்து குண்டையும் தாளில் வைத்தேன். பக்கத்தில் அந்தக் கடைக் குண்டு டப்பா திறந்து கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து மேலே வைத்து மடித்துக் கட்டிவிட்டேன்.

அக்கா ஓடி வந்தார், பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டார், பஸ்ஸுக்கு ஓடினார். நிறுக்கவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "பாத்தியா, கடைசியில என் பொட்டலத்த அப்படியே வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று மனைவியிடம் நாலு நாள் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பரீட்சை. கடையை அரை நாள் மூடிவிட்டு நானும் மனைவியும் போனோம். ஊருக்கு வெளியே, மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய மைதானம். சுட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், அக்காவைத் தவிர எல்லாரும் ஆண்கள். புத்தம்புதிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி என்று வந்திருந்தார்கள். அக்கா கைத்தறிச் சேலையில், தோளில் அந்தப் பழைய பையோடு நின்றார். போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அதன் கட்டையை ஒரு தடவை தடவினார். எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அவரோடு பேசக்கூடாது என்று அதிகாரி முதலிலேயே சொல்லியிருந்தார்.

அவர் பலகை முன்னால் போய், மேஜைமேல் பொட்டலத்தை அவிழ்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆறில் ஒன்று கடைக் குண்டு. லூசாக நிற்கிற குண்டு. குழலே தெறிச்சுரும், சுடுறவ மூஞ்சியில என்று என் காதில் சொன்ன குண்டு. "அக்கா!" என்று கத்திக்கொண்டு கயிற்றைத் தூக்கினேன். ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பக்கத்துப் பலகையில் வரிசையாக வெடிச் சத்தம். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. "அதுல ஒண்ணு தப்பு, ஒண்ணு தப்பு" என்று தமிழில் சொல்கிறேன், அந்தப் போலீஸ்காரர், "மிண்டாதிரி அண்ணா" என்று, பேசாமல் இருக்கச் சொல்லி, என் வாயை அடக்குகிறார். என் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

அக்கா குனிந்து பைக்குள் கையை விட்டார். குட்டித் தராசு வெளியே வந்தது. அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்து, இது என்ன செய்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். "சேச்சி, எந்தா ஈ செய்யுந்நே?"

"ஒரு நிமிஷம் சாரே. முன்னாடியே பாத்ததுதான். ஆனா பொட்டலம் கட்டினது நான் இல்ல."

ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தார், எடுத்தார். நாலாவதில் கை நின்றது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் குண்டை மேஜையின் ஓரமாகத் தனியே வைத்துவிட்டு மீதி இரண்டையும் நிறுத்தார். "இப்போ செரி சாரே" என்றார்.

அதன்பிறகு அவர் அவசரப்படவே இல்லை. மருந்தை அளந்து கொட்டினார். எண்ணெய் தோய்ந்த துணித் துண்டில் குண்டை வைத்து, கோலால் ஒரே சீராக இறக்கினார். தோளில் கட்டையைப் பதித்து, கன்னத்தைச் சாய்த்து, சுட்டார். வெள்ளைப் புகையில் ஆளே மறைந்துபோனார். பலகையின் வலது ஓரத்தில் ஓட்டை. இரண்டாவது கொஞ்சம் உள்ளே. மூன்றாவது மண்மேட்டில் போய்ச் செருகியது. நாலாவது நடுவுக்குப் பக்கத்தில். அதோடு மூன்று ஆயிற்று. ஐந்தாவதைச் சுட வேண்டிய அவசியமே இல்லை, அதிகாரியும் அதைத்தான் சொன்னார். "நிறுத்து வெச்சது சாரே, வேஸ்ட் ஆக்க வேண்டாம்" என்று சொல்லி அதையும் சுட்டார். நட்ட நடுவில். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். துப்பாக்கி இனி அக்கா பெயரில். கயிற்றைத் தாண்டி எங்களிடம் வந்தபோது, அவர் முகத்தில் கரி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. என் மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உள்ளங்கையைத் திறந்து அந்தக் குண்டைக் காட்டினார். "இது யாரு வெச்சது?"

"நான்தான் அக்கா. கொசுறு. கை பழக்கம். தப்புதான், பெரிய தப்பு. உங்க மூஞ்சி..." என்று குழறினேன். ஈரத்துணிக்குக் கத்தியது போல் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, கரியோடு கன்னத்தில் வழிந்தது.

"இத்தன வருஷத்துல எந்தத் தராசுல நின்னாலும் எனக்கு ஒருத்தரும் கூட வெச்சதில்ல அண்ணாச்சி. மொத மொதலா ஒருத்தர் வெச்சீங்க, அதுவும் என்னயக் கொல்லுறதுக்கு!"

நான் மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினேன், அதை வாங்கித் தூர எறிந்துவிடலாம் என்று. அவர் தரவில்லை. "இது என்னோடது" என்று சொல்லி, நாலாக மடித்த சான்றுத் தாளோடு அதையும் சேர்த்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.